முட்டைக் கணக்கு

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் அந்த நாளில் ஓடுகிறவர்கள் இரண்டே வகை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டவர்கள், பஸ்ஸை விட்டவர்கள். வயசுக்கு வந்த பெண் ஓடினால் திண்ணையில் இருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். "இன்னா ஆச்சு? யாருக்கு இன்னா ஆச்சு?" என்று பின்னாலேயே குரல் வரும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சும்மாதான் ஓடுகிறேன் என்றால் நம்பமாட்டார்கள். அதனால் அப்பா எனக்கு முன்னால் சைக்கிளில் போய்க்கொண்டே பதில் சொல்லிவிடுவார்: "ஒண்ணும் இல்லீங்க, பிராக்டீசு."

அப்பா ஓடினவர் இல்லை. ஊரின் தெற்குப் பக்கத்து மில் ஒன்றில் கார்டிங்கில் வேலை. வார லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் அவருக்கு நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும். அடுத்தடுத்த நாளில் கொஞ்சம் தளரும். பஞ்சுத் தூசியில் நிற்பவர்களுக்கு உலகமெங்கும் வருகிற நோய்தான் அது. நூறு மீட்டர் ஓடச் சொன்னால் பாதியில் உட்கார்ந்துவிடுவார். ஆனால் ஓடுகிறவர்களைப் பார்க்க அவருக்கு அவ்வளவு ஆசை.

தாத்தா காலத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குழித்தறி. பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் புதுச்சேரி நீலத்துணி கப்பலேறி ஆப்பிரிக்காவில் செனகல் வரைக்கும் போயிருக்கிறது. கினி என்று அதற்குப் பேர். அங்கே பிசின் வாங்குகிறவர்கள் காசுக்குப் பதிலாக அந்தத் துணியைத்தான் கொடுத்தார்களாம். அதில் நம் வீட்டுத் துணியும் இருந்திருக்கும் என்று அப்பா அடித்துச் சொல்வார். ஆதாரம் கேட்டால் முறைப்பார். தறி படுத்த பிறகு தெருவில் பாதி ஆண்கள் மில்லுக்குப் போனார்கள். பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட். தெருவில் யார் தூங்குகிறார்கள், யார் விழித்திருக்கிறார்கள் என்பது வாரத்துக்கு வாரம் மாறும்.

புதுச்சேரியில் மில்காரர் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு 1936 ஜூலை 30 என்ற தேதி தெரியாமல் இருக்காது. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய தொழிலாளர்களைப் பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் 12 பேர் செத்தார்கள். எட்டு மணி நேரச் சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. அப்பா அதை என் ஓட்டத்தோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். "அந்தப் பன்னெண்டு பேரு போவலன்னா, பாப்பா, நான் எப்பிடி உன்கூட பீச்சுக்கு வருவேன்? பொழுது சாயற வரைக்கும் மெஷின்கிட்டதான் நின்னுக்கினு இருப்பேன்." அன்றைக்கு எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது யோசித்தால் அதைவிடச் சரியான கணக்கை எந்தப் பயிற்சியாளரும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு பிள்ளை ஓட வேண்டுமானால், அதைச் சேர்ந்த பெரியவர் யாருக்காவது நாளில் ஒரு மணி நேரம் மிச்சம் இருக்க வேண்டும்.

அப்பாவின் பயிற்சி முறையை எந்தப் புத்தகத்திலும் பார்க்க முடியாது. சைக்கிள் டயரின் சுற்றளவை டேப் வைத்து அளந்தார். ஏறக்குறைய 2.2 மீட்டர் வந்தது. முன்சக்கரக் கம்பி ஒன்றில் சிவப்பு நூலைக் கட்டினார். கடற்கரைச் சாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டே நூல் மேலே வருவதை எண்ணினார். 182 தடவை வந்தால் 400 மீட்டர். அந்த இடத்தில் நடைபாதைக் கல்லில் சாக்பீஸால் ஒரு கோடு. மழை பெய்து அழிந்தால் மறுபடியும் எண்ணுவார். பின்னாளில் கல்லூரியில் நாடா வைத்து அளந்த சுற்றில் ஓடியபோது என் நேரம் பெரிதாக மாறவில்லை. அந்தச் சிவப்பு நூல் நாணயமான நூல்.

1986இல் சியோல் ஆசியப் போட்டியைப் பக்கத்துத் தெரு வீடொன்றில் கறுப்பு வெள்ளை டிவியில் பார்த்தோம். பி.டி. உஷா நான்கு தங்கம் வாங்கினார். ஊரே உஷா உஷா என்றது. அப்பா மட்டும் ஷைனி ஆபிரகாமைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். 800 மீட்டரில் முன்னால் போய்க்கொண்டிருந்தவர், தன் தடத்தை விட்டு உள்ளே வரவேண்டிய இடத்துக்கு முன்பே வந்துவிட்டார் என்று தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். "காலு ஜெயிச்சிது, கோடு தோத்துது" என்று அப்பா ஒரு வாரம் புலம்பினார். பிறகு வாசல் தெளித்துக் கோலம் போடும் இடத்தில் கோலமாவாலேயே வளைகோடு ஆறு இழுத்து, எந்த இடத்தில் உள்ளே வரலாம் என்று எனக்குக் காட்டினார். அன்று அம்மா கோலம் போடவில்லை. இருவருக்கும் சண்டை.

1988 மே மாதம், பிளஸ் டூ பரீட்சை முடிந்து ரிசல்ட் வருவதற்கு முன்னால், அரை நைட் முடிந்து வந்தவர் தண்ணீர் கேட்டார். அம்மா சொம்போடு வருவதற்குள் திண்ணைத் தூணில் சாய்ந்துவிட்டார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவ்வளவுதான். அவருக்கு 46 வயது. அதைப் பற்றி எழுத எனக்கு இதற்கு மேல் வரவில்லை.

அதற்குப் பின்னால் நடந்ததை எழுதலாம். அப்பா போன துக்கத்தையெல்லாம் காலில் இறக்கி ஓடினாள் என்று ஒரு கதை எல்லோருக்கும் கைவசம் இருக்கிறது. கல்லூரி மலரில்கூட என்னைப் பற்றி அப்படித்தான் போட்டார்கள். துக்கம் காலுக்கு வலு கொடுக்கும் என்று சொல்கிறவர்கள் ஓடிப் பார்த்ததில்லை. துக்கத்தில் தூக்கம் போகும். தூக்கம் போனால் கால் போகும். காரியம் முடிந்து பல மாதம் நான் ஓடிய ஓட்டம் எல்லாமே மோசம். மூன்றாவது சுற்று வந்தால் தொடை கல்லாகிவிடும். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டும். வீட்டில் கறி மீன் குறைந்து, கஞ்சியும் துவையலுமாக இருந்த காலம் அது. வயிற்றுக்குக் குறைந்ததைத்தான் கால் சொல்லிக்கொண்டிருந்தது. மனசு அதில் எத்தனை பங்கு என்று யார் பிரித்துப் பார்க்க முடியும்?

அம்மா தார் சுற்ற உட்கார்ந்தாள். தெருவில் மிச்சமிருந்த தறிக்காரர்களிடம் நூல் வாங்கி, ராட்டையில் தாருக்கு ஏற்றிக் கொடுப்பது. எத்தனை தார் சுற்றினாலும் கையில் வருவது சில்லறைதான். மில்லிலிருந்து வர வேண்டிய பணம் நடந்து நடந்து வாங்கியதில் பாதி, கடனுக்குப் போயிற்று. மாலையில் நானும் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றுவேன். வலக்கை ராட்டையைச் சுற்றும். இடக்கை விரல்களுக்கு நடுவே நூல் ஓடும். கொஞ்ச நேரத்தில் சுட்டுவிரலில் நூல் அறுத்த கோடு சிவப்பாக விழும். அதன் மேல் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மறுபடியும் சுற்ற வேண்டும். அந்தக் கோடு என் விரலில் வெகுநாள் இருந்தது.

நான் கல்லூரிக்குப் போவதே கேள்வியாக இருந்தபோது ஓட்டத்தைப் பற்றி யார் பேசுவார்கள்? அத்தைதான் பேசினார். "அப்பன் செத்து ஆறு மாசம் ஆவல. அரக்கால் சட்டை போட்டுக்கினு ஓடப் போறாளாம். சொந்தக்காரன் மூஞ்சில எப்பிடி முழிக்கறது?" அம்மா ராட்டையை நிறுத்தவில்லை. "எங்க மூஞ்சில யாரு முழிச்சாங்க அண்ணி, நாங்க யாரு மூஞ்சில முழிக்க?" என்றாள். அதற்குப் பிறகு அத்தை எங்கள் வீட்டில் காபி குடிக்க வெகுநாள் வரவில்லை.

மகாத்மா காந்தி சாலையில் இருக்கிற பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரிக்கு எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். பஸ் செலவு இல்லை என்ற ஒரே காரணத்தால்தான் நான் பட்டதாரி ஆனேன் என்று சொன்னாலும் பொய்யில்லை. பள்ளிக்கூடத்துப் போட்டி ஒன்றில் என்னைப் பார்த்திருந்த கல்லூரியின் உடற்கல்வி மேடம் ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். வெள்ளை கேன்வாஸ் ஷூவை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, தார்க் குச்சிகளை ஒதுக்கிப் பாயில் உட்கார்ந்தார். என் திறமை, எதிர்காலம், ரயில்வே வேலை என்று என்னென்னவோ சொன்னார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இரண்டே கேள்வி கேட்டாள். "சாயந்தரம் எத்தினி மணிக்கு வூட்டுக்கு அனுப்புவீங்க?" "வெளியூருக்குப் போனா ராத்திரில கூட யாரு படுத்துக்குவாங்க?" மேடம் இரண்டாவது கேள்விக்கு "நான்" என்றார். முதல் கேள்விக்கு, "சாயந்திரமே வேண்டாம்மா, காலையிலேயே முடிச்சிடறேன்" என்றார். இருவரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டார்கள். காலை ஓட்டம், மாலை தார். அம்மாவுக்கு ஓட்டம் புரியவில்லை. ஆனால் ஒரு பெண்ணை நம்பலாமா கூடாதா என்பது நன்றாகப் புரிந்தது.

விடிகாலையில் தனியாக அனுப்ப மாட்டாள். அப்பா இடத்துக்குத் தம்பி வந்தான். அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தான். அப்பாவின் சைக்கிள் அவனுக்கு எட்டாது. பாருக்கு அடியில் ஒரு காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டு, உடம்பு ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கமாக வருவான். இரண்டு கையும் ஹாண்டில்பாரில் இருப்பதால் ஸ்டாப் வாட்சைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பான். அது மேடம் கொடுத்தனுப்பியது. காணாமல் போனால் வீட்டை விற்றாலும் கட்ட முடியாது என்று அவனே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். பழைய சாராய ஆலைப் பக்கம் கிளம்பி, காந்தி சிலை தாண்டி, துய்ப்ளெக்ஸ் சிலை வரைக்கும் போய்த் திரும்புவோம். முடித்ததும் அவனுக்கு டீயும் பன்னும் வேண்டும். காசில்லாத நாளில், நான் ஓடிய நேரத்தைச் சொல்ல மாட்டான். வாட்சைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "பன்னு குடு, சொல்றேன்" என்பான்.

தெருமுனை வீட்டில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா வரை போய் வந்தவர். பிரான்சிலிருந்து பென்ஷன். எங்கள் ஊரில் இந்த மாதிரி ஆட்களை எல்லோருக்கும் தெரியும். பென்ஷன் வந்த வாரம் ராஜா, மாசக் கடைசியில் பழைய ராஜா. நான் ஓடிக்கொண்டு போகும்போது திண்ணையில் இருந்தபடியே "ஆன், தெ! ஆன், தெ!" என்று தாளம் போடுவார். அவரிடம்தான் முதன்முதலாக அலென் மிமூன் என்ற பேரைக் கேட்டேன். அல்ஜீரியாவில் பிறந்து பிரான்சுக்காக ஓடினவர். இரண்டாம் உலகப் போரில் 1944இல் இத்தாலியின் மோன்தே கசினோவில் குண்டு பட்டு, காலையே எடுக்க வேண்டியது, எப்படியோ தப்பியது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் இரண்டாவது, 1952 ஹெல்சிங்கியில் 5,000த்திலும் 10,000த்திலும் இரண்டாவது. மூன்று தடவையும் அவருக்கு முன்னால் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாடோபெக். 1956 மெல்போர்னில் மாரத்தானில் மிமூன் முதலில் வந்து நின்றார். வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு போய்விடவில்லை. ஆறாவதாக வந்த சாடோபெக்குக்காகக் காத்திருந்தார். பாரக்கில் இந்தச் செய்தி கேட்ட நாளைச் சொல்லும்போது தாத்தாவுக்குக் கண் கலங்கும். காலையிலேயே கலங்கினால் அதற்கு வேறு காரணமும் உண்டு.

மிமூனுக்கு முன்னால் 1928 ஆம்ஸ்டர்டாம் மாரத்தானை ஜெயித்த எல் வாஃபியும் அல்ஜீரியாக்காரர்தான் என்பது பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அதே ஆம்ஸ்டர்டாமில்தான் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதல் தடவையாக 800 மீட்டர் வைத்தார்கள். ஓடி முடித்த பெண்கள் களைத்துப் போனார்களாம், பெண் உடம்பு தாங்காதாம். அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டு, 1960 ரோமில்தான் திரும்ப வைத்தார்கள். எங்கள் அத்தையைப் போன்றவர்கள் ஐரோப்பாவிலும் இருந்திருக்கிறார்கள், கோட்டும் டையும் போட்டுக்கொண்டு.

சொல்தா தாத்தா கதை மட்டும் சொல்லவில்லை. ஒருநாள் மணிக்கூண்டுப் பக்கத்து மளிகைக் கடையில் உப்பு வாங்கப் போனபோது, கடைக்காரர் இரண்டு முட்டையைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். நான் கேட்கவில்லை என்றேன். "கணக்கு இருக்குது, எடுத்துக்கினு போ" என்றார். நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஒரு முழுப் பக்கம், தலைப்பில் பேர் கிடையாது, "ஓட்டம்" என்று மட்டும் எழுதியிருந்தது. தினம் இரண்டு முட்டை. மாசா மாசம் பென்ஷன் வந்ததும் தாத்தா கட்டிவிடுவார். அம்மாவிடம் நேராகப் போய்க் கேட்டிருந்தால் அவள் மறுத்திருப்பாள். அது அவருக்குத் தெரியும். அதனால் கடை வழியாக வந்தார். அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் தாத்தா வீட்டுக்கு ஒரு கிண்ணம் மீன் குழம்பு போயிற்று. அதிலிருந்து வாரா வாரம் குழம்பு போகும், தினம் முட்டை வரும். யாரும் யாருக்கும் நன்றி சொல்லிக்கொள்ளவில்லை.

முட்டை வந்த பிறகுதான் என் கால் திரும்ப வந்தது. மூன்றாவது சுற்றில் தொடை இறுகுவது நின்றது. இதையும் கல்லூரி மலரில் போட்டிருக்கலாம்.

கடற்கரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வலுவுக்காக மணலில் ஓடுவது சோலை நகர்ப் பக்கம். நான் பள்ளியில் படிக்கும்போது அங்கே அகலமான மணல். படகுகளையும் வலையையும் சுற்றிக்கொண்டு ஓடலாம். நான் கல்லூரியில் படித்த அந்த வருஷங்களிலேயே ஊர்க் கடற்கரை கண்ணெதிரே தேய்ந்தது. வங்கக் கடலின் இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். மணல் தெற்குப் பக்கமே தேங்கிவிட்டது. வடக்கே இருக்கிற ஊர்க் கடற்கரைக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. இருந்ததையும் அலை எடுத்தது. கருங்கல்லைக் கொட்டினார்கள். கல்லைக் கொட்டிய இடம் நின்றது, அதற்கு வடக்கே அரிப்பு ஆரம்பித்தது. இப்படியே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று ஒவ்வொன்றாக மேலே ஏறியது. மீனவர்களுக்குப் படகு ஏற்ற இடமில்லாமல் போன துயரத்துக்கு முன்னால் எனக்கு ஓட இடமில்லாமல் போனதெல்லாம் பேச்சே இல்லை. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு வைத்து 2018 வாக்கில் கொஞ்சம் மணலைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அதில்தான் செல்ஃபி எடுக்கிறது.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி உப்பளம் மைதானத்தில் நடந்தது. மண் தரை, சுண்ணாம்புக் கோடு. எனக்கு ஸ்பைக்ஸ் கிடையாது. கல்லூரியை முடித்துப் போன அக்கா ஒருவர் விட்டுச்சென்ற ஜோடி இருந்தது. ஒரு சைஸ் பெரிசு. விரல் பக்கம் பஞ்சை அடைத்துக்கொண்டேன். பஞ்சுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. 1500 மீட்டரில் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிட்டேன், முதலாவதாக. அதனால் அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போகிற அணியில் பேர் வந்தது. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1985இல்தான் ஆரம்பித்திருந்தது. அதற்கு முன்பு எங்கள் ஊர்க் கல்லூரிகளெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தவை. அந்தப் பெரிய கூட்டத்தில் எனக்கெல்லாம் இடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். புதுப் பல்கலைக்கழகம், சின்ன அணி. என் அதிர்ஷ்டம் அது.

புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்கு அப்போது மீட்டர் கேஜ் வண்டி. அங்கே மாறி, மெட்ராஸில் மாறி, வடக்கே இரண்டு ராத்திரி. மேடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ரயில் பெட்டியில் என் பெர்த்துக்குக் கீழே தரையில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்.

அங்கே கேரளத்துப் பெண்களையும் பஞ்சாப் பெண்களையும் பார்த்ததும் எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. விசில் அடித்தவுடன் போன வேகத்தில் முதல் 400 மீட்டரை என் வாழ்நாளிலேயே வேகமாக ஓடினேன், அப்படியும் கூட்டத்தின் வாலில் இருந்தேன். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது முன்னால் போனவள் வளைவைத் தாண்டிவிட்டாள். எனக்கு முன்னால் ஒரு பச்சை பனியன் இருந்தது. அவளைத் தாண்டினேன், இன்னொருத்தி என்னைத் தாண்டினாள். தகுதிச் சுற்றோடு என் அகில இந்தியப் பயணம் முடிந்தது. நேரம் மட்டும் என் நேரத்திலேயே நல்ல நேரம். மேடம் அதைக் கையில் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டு ஊர் வரும்வரை காட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஜெயித்தாயா என்று கேட்கவில்லை. "மொதல்ல வந்த பொண்ணுக்கு அப்பா இருக்காரா?" என்றாள்.

"தெரியலம்மா."

"கேட்டிருக்கலாம் இல்ல?" என்று ராட்டையை இழுத்துக்கொண்டாள்.

அந்தக் கேள்வியை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படிப்பு முடிந்து, உடற்கல்வி ஆசிரியர் பயிற்சி முடித்து, பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, நானே கழுத்தில் வாட்ச் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற வருஷங்களில் அது அடிக்கடி திரும்பி வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று வராமல் போனால் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பேன். பாதி வீட்டில் ஆள் குறைந்திருக்கும். அப்பா செத்திருப்பார், அல்லது அம்மா படுத்திருப்பார், அல்லது அப்பா இருந்தும் இல்லாமல் இருப்பார். பிள்ளைக்கு ஓட ஆசை அப்படியே இருக்கும். கூடவே வண்டி ஓட்டி வர ஆள்தான் இருக்காது.

2021 ஜூலையில் தினசரிகளில் ரேவதி வீரமணியின் படம் வந்தது. மதுரைப் பக்கம் சக்கிமங்கலத்துப் பெண். பாட்டியாலாவில் நடந்த தகுதிப் போட்டியில் 400 மீட்டரை 53.55 வினாடியில் ஓடி டோக்கியோ ஒலிம்பிக் கலப்புத் தொடரோட்ட அணியில் இடம்பிடித்தார். சின்ன வயசிலேயே அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். தலைப்பெல்லாம் அனாதை, வெறுங்கால் என்று ஓடியது. செய்தியின் பின்பாதியை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தாய்வழிப் பாட்டி ஆரம்மாள், வயல் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போய் ரேவதியையும் தங்கையையும் வளர்த்தார். பெண் பிள்ளைகளைப் படிக்க வைப்பானேன், வேலைக்கு அனுப்பு என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னதைக் கேட்கவில்லை. பயிற்சியாளர் கண்ணன் ஒரு போட்டியில் ரேவதியைப் பார்த்துவிட்டு வந்து கேட்டபோது பாட்டி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் விடாமல் பேசி, மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் ஏற்பாடு செய்த பிறகுதான் சரி என்றார். கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பதக்கம், வினாடி எதுவும் காதில் ஏறவில்லை. "ஆஸ்டல்ல சோறு உண்டா?" என்றாள். உண்டு என்றேன். "அப்ப சரி."

அணி டோக்கியோவில் ஓடிய நாள் 2021 ஜூலை 30. எங்கள் ஊரில் மில் தியாகிகள் நாள். முகமது அனஸ், ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் நான்கு பேரும் 3 நிமிடம் 19.93 வினாடியில் ஓடி முதல் சுற்றோடு வெளியேறினார்கள். நானும் தம்பியும் போனில் பேசிக்கொண்டே பார்த்தோம். ரேவதி கோலை வாங்கி ஓடிய அந்த ஒரு சுற்றில் தம்பி தன் கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பழக்கதோஷம்.

அதே அணியோடு டோக்கியோ போன திருச்சி தனலட்சுமி சேகரும் அப்பாவை இழந்தவர். அம்மா வளர்த்த பெண். அவர் ஒலிம்பிக்குக்காக ஊரைவிட்டுப் போயிருந்தபோது அக்கா இறந்துபோனார். ஓட்டம் கெட்டுவிடுமே என்று வீட்டார் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள். ஊர் திரும்பிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் உடைந்து அழுத படத்தைப் பார்க்கவே முடியவில்லை. தியாகம் என்று எல்லோரும் எழுதினார்கள். அம்மா மட்டும், "சொல்லியிருக்கணும்" என்றாள். நானும் அந்தக் கட்சிதான். ஓட்டத்துக்கு இன்னொரு போட்டி வரும். அக்காவின் முகத்தைப் பார்க்க இன்னொரு நாள் வராது.

எங்கள் ஊர் மில்கள் ஒவ்வொன்றாக நின்றுபோய், ஏ.எஃப்.டி. மில்லும் 2020இல் மூடப்பட்டது. மூன்று ஷிப்ட் என்ற பேச்சே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. சொல்தா தாத்தா எப்போதோ போய்விட்டார். காலையில் லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்துக்குப் போனால் பிள்ளைகள் ஓடுகிறார்கள். பெண் பிள்ளைகள் நிறைய, அரைக்கால் சட்டையோடுதான். திண்ணையிலிருந்து யாரும் எழுந்து பார்ப்பதில்லை. கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு, வேலையிலும் உண்டு. ஆனால் ஒதுக்கீட்டுக்கு மாநில அளவில் பதக்கம் வேண்டும், பதக்கத்துக்கு முன்னால் இரண்டு மூன்று வருஷம் வயிறு நிறைய வேண்டும். அந்த வருஷங்களுக்கு எந்தப் படிவமும் கிடையாது. ஜெயித்து வந்த பிறகு சால்வை போடப் பத்து பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து விலகியதும் நான் முதலில் செய்தது எங்கள் மளிகைக் கடையில் ஒரு கணக்குத் திறந்ததுதான். கடை இப்போது பேரன் கையில். நோட்டுக்குப் பதில் கம்ப்யூட்டர், ஜி-பே. "என்ன பேர்ல போடட்டும் டீச்சர்?" என்றான். "ஓட்டம்னு போடுப்பா" என்றேன்.

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும். அப்பாவோ அம்மாவோ இல்லாமல், காலையில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். கூப்பிட்டு ஆறுதல் சொல்ல வேண்டாம், மேடையேற்ற வேண்டாம். பக்கத்துக் கடையில் சொல்லி வையுங்கள்: தினம் இரண்டு முட்டை. மாசம் பிறந்ததும் மறக்காமல் கட்டிவிடுங்கள்.